வரலாற்று விவரணப் படங்களில் பழைய படத்துணுக்குகள்: எந்த இடம், எந்த நாள் என்று உறுதிசெய்வது எப்படி?

கதிர்_சிராங்கூன்

அனைவருக்கும் வணக்கம். 1942 முதல் 1945 வரை சிங்கப்பூர், மலாயா இந்தியர்கள் நிலைமை பற்றி ஒரு தமிழ் விவரணப் படம் தயாராகிறது. தொலைக்காட்சியில் அரை மணி நேர இடத்துக்கு. விளம்பரம் போக 23 நிமிடம். எழுத்துப்படியின் முதல் வரைவு முடிந்துவிட்டது. பழைய படத்துணுக்குகள் நாலைந்து இடங்களிலிருந்து வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் "சிங்கப்பூர், 1942" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இவற்றை நம்பலாமா, எப்படிச் சரிபார்ப்பது? சில துணுக்குகளில் மனிதர்கள் ஓடுவதுபோல் நடக்கிறார்களே, அதைச் சரிசெய்ய முடியுமா? தமிழ் வர்ணனை எவ்வளவு நீளம் போகலாம்? வசன வரி போட என்ன கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

படச்சுருள்_மணி

கதிர், முதல் கேள்விதான் முக்கியம். மற்றதெல்லாம் எடிட் அறையில் சரிசெய்யக்கூடியவை. தப்பான இடத்துத் துணுக்கு ஒளிபரப்பில் போய்விட்டால் திருப்பி எடுக்க முடியாது. வர்ணனை ஒன்றுமே சொல்லாவிட்டாலும், திரையில் ஓடும் ஒவ்வொரு ஷாட்டும் "இது இங்கே, இந்த நாளில் நடந்தது" என்று பார்ப்பவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிகம் நடக்கும் குழப்பம் இரண்டு சரணடைதல்கள். 15 பிப்ரவரி 1942ல் பிரிட்டிஷார் சரணடைந்தது புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில். 12 செப்டம்பர் 1945ல் ஜப்பானியர் சரணடைந்தது பாடாங் திடலின் எதிரே மாநகராட்சிக் கட்டடத்தில், மவுண்ட்பேட்டன் முன்னிலையில். "சிங்கப்பூர் சரணடைவு" என்று தேடினால் இரண்டும் சேர்ந்தே வரும். ஷார்ட்ஸும் இரும்புத் தொப்பியும் போட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் வெள்ளைக் கொடியும் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக்கும் ஏந்தி நடந்துபோனால் அது 1942. பெரிய தூண்கள் வைத்த கட்டடத்தின் படிக்கட்டும், சுற்றிலும் பெருங்கூட்டமும் தெரிந்தால் 1945. அந்தக் கட்டடத்துக்கு சிட்டி ஹால் என்ற பெயர் 1951ல்தான் வந்தது. 1945 காட்சியின் மேல் "சிட்டி ஹால்" என்று எழுத்துப் போட வேண்டாம்.

அடுத்தது நேதாஜி. அவர் சிங்கப்பூர் வந்தது 2 ஜூலை 1943. கேத்தே திரையரங்குக் கட்டடத்தில் இங்குள்ள இந்திய விடுதலை இயக்கத்தின் தலைமை ஏற்றது 4 ஜூலை. பாடாங்கில் இந்திய தேசிய ராணுவத்தைப் பார்வையிட்டது 5 ஜூலை. மறுநாள் ஜப்பானியப் பிரதமர் தோஜோவும் அதே பாடாங்கில் அணிவகுப்பைப் பார்த்தார். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிப்பு 21 அக்டோபர், மறுபடியும் கேத்தேயில். நாலும் நாலு வேறு நிகழ்ச்சி. ஒரே துணுக்கை நாலுக்கும் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. வெட்டவெளி, பின்னால் தூண்கள், பக்கத்தில் தோஜோ என்றால் 6 ஜூலை என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளரங்கம் என்றால் கேத்தே. ஆனால் 4 ஜூலையா 21 அக்டோபரா என்பதைப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இன்னொரு பெரிய தவறு, ஜெர்மானியப் படையோடு சேர்ந்திருந்த இந்திய லீஜியன் என்ற பிரிவின் துணுக்குகளை இந்திய தேசிய ராணுவம் என்று காட்டுவது. தலைப்பாகை இருக்கும், பாயும் புலிச் சின்னம் இருக்கும், முகங்கள் இந்திய முகங்கள். ஆனால் உடை ஜெர்மானிய உடை. கனமான கம்பளிக் கோட்டு தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சிங்கப்பூர் வெயிலில் அதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள்.

கொடியையும் பாருங்கள். 1943ல் இங்கே பறந்தது ராட்டை போட்ட மூவர்ணம். அசோகச் சக்கரக் கொடி 22 ஜூலை 1947ல் ஏற்கப்பட்டது. நடித்துக் காட்டும் காட்சிக்கு இந்தியக் கொடி வாங்கிவரச் சொன்னால் கடையில் சக்கரம் போட்டதைத்தான் கொடுப்பார்கள். முன்கூட்டியே தைக்கக் கொடுங்கள்.

வாணி_ஈசூன்

மணி அண்ணன் சொன்னதோடு, கட்டடங்களை வைத்து ஆண்டைக் குறுக்குவது பற்றிச் சேர்க்கிறேன். பாடாங் ஓரம் உச்ச நீதிமன்றத்தின் பச்சைக் குவிமாடம் முழுமையாகத் தெரிந்தால் 1939க்குப் பிறகு. கேத்தேயின் உயரக் கட்டடம் தெரிந்தாலும் அதே ஆண்டு ஒட்டித்தான். ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928. தெருவில் தண்டவாளத்தில் டிராம் போனால் 1905க்கும் 1927க்கும் இடையில். தலைக்குமேல் இரட்டை மின்கம்பியும் ரப்பர் சக்கர டிராலி பஸ்ஸும் என்றால் 1926லிருந்து 1962வரை. சிங்கப்பூர்க் கொடி 3 டிசம்பர் 1959க்கு முன்னால் இருக்கவே முடியாது. இப்படி நாலைந்து எல்லைகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் முப்பது ஆண்டு இடைவெளி மூன்று நான்கு ஆண்டாகச் சுருங்கிவிடும்.

அடுத்து, இடவலம் மாறிய துணுக்கு. பழைய நெகட்டிவை மாற்றி வைத்து நகலெடுத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பெயர்ப்பலகை தெரிந்தால் உடனே பிடித்துவிடலாம். தெரியாவிட்டால் வாகனங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள். இங்கே இடப்பக்கம்தான் போக வேண்டும். பிரிட்டிஷ் படையின் லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் போல்ட் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. வழக்கமாகப் புடவை முந்தானை இடத்தோளில் விழும். கூட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் வலத்தோளில் விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

படச்சுருள்_மணி

வாணி சொன்னது நூற்றுக்கு நூறு. போர்க்காட்சிக்கு ஒரு சோதனை உண்டு: கேமரா எங்கே நிற்கிறது? வீரர்கள் கேமராவை நோக்கிப் பாய்ந்து வருகிறார்கள் என்றால், கேமராக்காரர் எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தம். பயிற்சியின்போதோ சண்டை முடிந்த பிறகு மறுபடி நடிக்கச் சொல்லியோ எடுத்தது அது. செய்திப்படங்களில் நிறைய உண்டு. பயன்படுத்தலாம், ஆனால் "8 பிப்ரவரி இரவு சரிம்புனில் ஜப்பானியர் கரையேறினார்கள்" என்ற வரியின்மேல் பட்டப்பகலில் எடுத்த கரையேறும் ஒத்திகை ஓடக்கூடாது. அன்றைய தாக்குதல் இரவில் நடந்தது.

சத்தத்தையும் நம்பாதீர்கள். போர்க்களத் துணுக்குகளில் பெரும்பாலானவை ஒலியில்லாமல் எடுத்தவை. குண்டுச் சத்தமெல்லாம் பிறகு சேர்த்தது.

பிரிட்டிஷ் ராணுவக் கேமராக்காரர்கள் எடுத்த சுருள்களுக்கு டோப் ஷீட் என்ற தாள் இருக்கும். தேதி, இடம், ஒவ்வொரு ஷாட்டிலும் என்ன இருக்கிறது என்று எடுத்தவரே குறித்தது. லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திடம் துணுக்கு கேட்கும்போது சுருள் எண்ணைச் சொல்லி அந்தத் தாளின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். வணிகத் துணுக்கு நிறுவனங்களின் தலைப்பைவிட அந்தத் தாள் பல மடங்கு நம்பகமானது.

தொகுப்பு_ரவி

எல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் ஒன்று கேட்கிறேன். 23 நிமிடத்தையும் உறுதியான துணுக்குகளாலேயே நிரப்ப முடியாது. ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பகுதிக்கு என்ன செய்வது? தோட்டத் தமிழர்களைக் காட்டும் படம் கைவிரல் விட்டு எண்ணும் அளவுகூடக் கிடைக்காது. வேறு காட்டு வேலை, வேறு ரயில் பாதை போட்டு நகர்த்துவதுதான் எல்லா ஒளிவழியிலும் நடக்கிறது. சாதாரணப் பார்வையாளருக்கு வித்தியாசம் தெரியாது.

வாணி_ஈசூன்

ரவி, அந்தப் பகுதியில்தான் இதைச் செய்யவே கூடாது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட்வரை 415 கிலோமீட்டர் பாதை. அக்டோபர் 1943ல் முடிந்தது. போர்க்கைதிகள் 60,000க்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, இறந்தவர்கள் 90,000 வரை என்று மதிப்பீடு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பெருந்தொகை. ஆங்கில விவரணப் படங்களில் அவர்களுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கும், பிறகு மறுபடி போர்க்கைதிகளின் ஓவியங்களுக்குப் போய்விடுவார்கள். கைதிகளிடம் வரைந்தவர்கள் இருந்தார்கள், நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. படமே இல்லை என்பது இந்த வரலாற்றின் ஒரு பகுதி. வேறு யாரோ மனிதர்களைக் காட்டி அதை மறைத்தால் அவர்களை இரண்டாவது முறை அழிக்கிறோம்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பாதையின் வரைபடத்தைப் போட்டு முகாம்களை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். இப்போதைய இடத்தைப் படம் பிடித்து "இன்று" என்று எழுத்துப் போடுங்கள். திரையில் அசையாத ஒரு படமும் வாய்மொழிப் பதிவின் குரலும் மட்டும் நாற்பது விநாடி ஓடட்டும், பார்ப்பார்கள். நடித்துக் காட்டினால் மூலையில் "சித்திரிப்பு" என்று காட்சி முடியும்வரை இருக்க வேண்டும், தொடக்கத்தில் மூன்று விநாடி மட்டும் போட்டால் போதாது.

இன்னொரு எச்சரிக்கை. 1957ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற ஹாலிவுட் படத்தின் மரப்பாலத் துணுக்கு வரலாற்றுப் படம் என்ற பெயரில் சுற்றுகிறது. அந்தப் பாலம் இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில் களனி ஆற்றின்மேல் படப்பிடிப்புக்காகக் கட்டியது.

தொகுப்பு_ரவி

வரைபடமும் குரலும் என்ற யோசனை ஏற்கத்தக்கது, செலவும் குறைவு. கதிர், அப்படியானால் குரல் பதிவு தெளிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது விநாடி தாங்காது. ஒலிநாடாவிலிருந்து வந்த பழைய பேட்டி என்றால், எண்முறைக்கு மாற்றும்போதே பிளேயரின் ஹெட் கோணத்தை அந்த நாடாவுக்கு ஏற்பத் திருப்பி, சத்தம் மிகத் துல்லியமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கோணம் பிசகினால் மேல்சுருதி போய்விடும், பிறகு எந்த மென்பொருளும் அதைத் திருப்பித் தராது. இரைச்சல் நீக்கத்தை ஆறு டெசிபலோடு நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் ச, ஸ எல்லாம் கரைந்து, பேசுபவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

வேகமாக நடப்பது பற்றிக் கேட்டீர்கள். வீட்டுக் கேமராவில் எடுத்த பழைய 16 மில்லிமீட்டர் படங்கள் விநாடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்). நம் ஒளிபரப்பு 25. 16 சட்டகத்தை அப்படியே 25ல் ஓட்டினால் ஒரு விநாடி 0.64 விநாடியாகச் சுருங்கும், அதாவது ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம். எடிட் மென்பொருளில் கிளிப்பின் சட்டக வேகத்தை 16 என்று மாற்றிப் பொருள்கொள்ளச் சொல்லிவிட்டு, பிறகு 25 டைம்லைனில் போடுங்கள். சில சட்டகங்கள் இரண்டு முறை வரும், இலேசாகத் தட்டும், பரவாயில்லை. இடைச் சட்டகங்களை மென்பொருளே வரைந்துகொள்ளும் முறையைப் போட்டால் கைகால்களின் ஓரம் ரப்பர்போல் இழுபடும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கிளிப் என்றால் முதலில் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் பாருங்கள். ஐந்து சட்டகத்துக்கு இரண்டில் சீப்புப் பல்போல் கோடு விழுந்தால் அது 24 சட்டகப் படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியின் 30 சட்டகத்துக்கு 3:2 முறையில் மாற்றியது. அதை முதலில் பிரித்து 23.976க்குக் கொண்டுவராமல் நேரே 25க்கு மாற்றினால் கோடு நிரந்தரமாகிவிடும். 24 சட்டகப் படத்தை 25ல் ஓட்டினால் பத்து நிமிடம் 9 நிமிடம் 36 விநாடி ஆகும். படத்தில் அது தெரியாது, குரல் இருந்தால் சுருதி ஏறும், திருத்திக்கொள்ளுங்கள்.

படச்சுருள்_மணி

சட்டகத்தின் வடிவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய படம் அகலத்துக்கு உயரம் 4:3. அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் எல்லாம் 33 விழுக்காடு பருத்துவிடும், வண்டிச் சக்கரம் முட்டை வடிவம் ஆகும். மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். 1973ல் தொடங்கிய 'தி வேர்ல்ட் அட் வார்' தொடரையே 2010 மறுபதிப்பில் இப்படி வெட்டினார்கள், பலர் வருந்தினார்கள். பக்கவாட்டில் கறுப்புப் பட்டை விடுவதுதான் நேர்மை. மனிதர்களின் நெற்றியையும் பெயர்ப்பலகையையும் வெட்டிவிட்டால் மேலே சொன்ன சோதனைகளைப் பார்ப்பவர் செய்யவே முடியாது. செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்குவதும் வேண்டாம், அங்கே இல்லாத கண்ணும் பல்லும் முளைக்கும்.

நிழற்படத்துக்கு ஒரு கணக்கு: 1920 அகலத்தில் ஒளிபரப்பு, ஒன்றரை மடங்கு நெருங்கிப்போக வேண்டும் என்றால் ஸ்கேன் குறைந்தது 2880 பிக்சல் அகலம் இருக்க வேண்டும்.

நூலகத்தடி

எழுத்து ஆதாரங்கள் பற்றி. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல் தொடங்கியது. ஜப்பானியர் காலம் அதன் முக்கியமான திட்டங்களில் ஒன்று. தமிழில் எடுத்த பேட்டிகளும் உண்டு. இணையத் தளத்தில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். சாரங்கபாணி என்று தேடினால் கடைசி எழுத்தை ஐ, ஒய் இரண்டிலும் போட்டுப் பாருங்கள். சில பேட்டிகளுக்கு அனுமதி கேட்டுத்தான் கேட்க முடியும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். எழுத்துப்படி எழுதும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசு இருக்கிறது. சொல்லைப் போட்டுத் தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். லை, னை, றா போன்றவற்றின் பழைய எழுத்து வடிவங்களைக் கணினி சரியாகப் படிக்காது. தேதியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவதே பலன் தரும்.

ஜப்பானியர் கால இதழில் ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் 2602 என்று இருந்தால் 660ஐக் கழியுங்கள், 1942. நேரத்திலும் கவனம் தேவை. ஆக்கிரமிப்பு தொடங்கியதும் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளினார்கள். ஒரே நிகழ்ச்சிக்குப் பிரிட்டிஷ் குறிப்பில் ஒரு நேரமும் ஜப்பானியக் குறிப்பில் ஒரு நேரமும் இருப்பது அதனால்தான். வர்ணனையில் எந்த நேரம் என்று ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடியுங்கள்.

"பீரங்கிகள் எல்லாம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன" என்ற வரி உங்கள் வரைவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். சாங்கியில் ஜொகூர் பீரங்கித் தளத்தின் 15 அங்குலப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. குண்டுகள் பெரும்பாலும் கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்தவை. மண்ணில் புதைந்துபோகும், காலாட்படைக்கு எதிராக அவ்வளவாகப் பயன்படாது. குறை அங்கேதான்.

வாணி_ஈசூன்

வர்ணனை நீளம்: 23 நிமிடத்தில் குரல் 12 அல்லது 13 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தமிழில் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் என்று கணக்கு வைத்தால் மொத்தம் 1,200 சொல் அளவில் நிற்கும். ஆங்கில வரைவிலிருந்து மாற்றினால் கட்டாயம் நீளும். படத்தை இழுக்காமல் வாக்கியத்தை வெட்டுங்கள். ஆண்டைச் சொல்வதற்கே நேரம் போகும். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு" என்று சொல்லி முடிக்க இரண்டு விநாடிக்கு மேல். முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் "நாற்பத்திரண்டில்" என்றால் போதும், ஆண்டு திரையில் இருக்கட்டும்.

வசன வரிக்கு எழுத்து வரம்பு வைக்கும் மென்பொருள்கள் யூனிகோட் குறியீட்டை எண்ணும். "சிங்கப்பூர்" நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பதினொன்று. வரிக்கு 42 என்ற ஆங்கில வரம்பை அப்படியே வைத்தால் நாலு சொல்லுக்குள் வரி உடையும். வரம்பை நீக்கிவிட்டு, திரையகலத்தில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது என்று கண்ணால் பாருங்கள். சில தொலைக்காட்சிப் பெட்டிகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளிவட்டம் தெரியும். அதனால் தமிழ் வரிகளைத் தனிக் கோப்பாகக் கொடுக்காமல் படத்திலேயே பதித்துக் கொடுப்பது பாதுகாப்பு.

தொகுப்பு_ரவி

உரிமம் பற்றி யாரும் சொல்லவில்லை. துணுக்குக்கு விநாடிக் கணக்கில் விலை, ஆனால் பல இடங்களில் குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. ஆறு விநாடி எடுத்தாலும் அதற்குரிய முழுத் தொகை கட்ட வேண்டும். எந்த நாடு, எத்தனை ஆண்டு, எந்த ஊடகம் என்று மூன்றும் தனித்தனி. "சிங்கப்பூர், தொலைக்காட்சி, ஐந்து ஆண்டு" என்று மட்டும் வாங்கினால் யூடியூபில் ஏற்ற முடியாது. நல்ல பழைய படங்கள் பல மறுஒளிபரப்பாகாமல் கிடப்பது இதனால்தான். எடிட் தொடங்கும் நாளிலிருந்தே ஒரு பட்டியல் வையுங்கள்: உள்ளே 00:04:12:10, வெளியே 00:04:19:00, 6 விநாடி 15 சட்டகம், யாரிடமிருந்து, அவர்களின் சுருள் எண், உரிமம் முடியும் நாள், எதை வைத்து இடமும் தேதியும் உறுதியானது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த ஷாட் படத்துக்குள் போகக்கூடாது.

கதிர்_சிராங்கூன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு துணுக்கு மட்டும் புரியவில்லை. 16 மில்லிமீட்டர் சுருள், ஒரு சேகரிப்பாளரிடம் இருக்கிறது. "1942" என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. குவிமாடம் முழுமையாகத் தெரிகிறது, டிராலி பஸ் கம்பி இருக்கிறது, ஒரு கட்டடத்தின்மேல் யூனியன் ஜாக். ஆனால் கார்கள் வலப்பக்கம் போகின்றன.

வாணி_ஈசூன்

கார்கள் வலப்பக்கம் என்றால் இடவலம் மாறியிருக்கிறது, முதலில் அதைத் திருப்புங்கள். குவிமாடம் இருப்பதால் 1939க்குப் பிறகு. யூனியன் ஜாக் பறப்பதால் பிப்ரவரி 1942 பாதிக்கும் செப்டம்பர் 1945க்கும் இடையில் இல்லை. 1942 என்றால் முதல் ஆறு வாரம் மட்டும்தான். அந்த நாட்களில் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்தது. தெரு நிதானமாக இருக்கிறது என்றால் டப்பா எழுத்தை நம்ப முடியாது.

படச்சுருள்_மணி

சுருள் கையில் கிடைக்கும் என்றால் ஓரத்தைப் பாருங்கள். கோடக் படமாக இருந்தால் துளைகளை ஒட்டி வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும். அது படச்சுருள் தயாரான ஆண்டு. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும். அதாவது 1946ன் குறிதான் 1926க்கும் 1966க்கும். உங்களுக்கு அது சிக்கல் இல்லை, குவிமாடம் 1926ஐயும் யூனியன் ஜாக்கும் டிராலி கம்பியும் 1966ஐயும் வெட்டிவிடும். கேமராவில் ஓடிய அசல் சுருளா, நகலா என்பதையும் கேளுங்கள். நகலில் இரண்டு குறிகள் தெரியலாம், ஒன்று அசலுடையது, மற்றது நகலெடுத்த சுருளுடையது. ஓரத்தைச் சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லி ஒரு படம் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஷாட்டை டைம்லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.